தெருவில் கிடக்கும் எலும்பைக் கண்டும் காணாமல் நடக்க நாயைப் பழக்குவது எப்படி?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் வண்டு என்னும் ஒன்பது மாத ஆண் நாட்டு நாய் இருக்கிறது. குட்டியாக இருந்தபோது ஒரு மழை நாளில் எங்கள் வாசலில் ஒதுங்கியவன் அப்படியே வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். உட்கார், படு, வா என்பவற்றை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான். வீட்டுக்குள் அவனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிக்கல் எல்லாம் தெருவில்தான்.

மதுரையில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் முனையில் மூன்று புரோட்டாக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இரவு கடை கட்டும்போது சிந்தும் கோழி எலும்புகள், காலை ஆறரை மணிக்குத் தூய்மைப் பணியாளர்கள் வந்து கூட்டும் வரை அங்கேயே கிடக்கும். நான் ஐந்தே முக்காலுக்கே அவனை நடக்க அழைத்துச் செல்கிறேன். சென்ற மாதம் ஒரு எலும்புத் துண்டு அவனுடைய மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே குறுக்காகச் சிக்கிக்கொண்டது. வாயை முன்னங்காலால் பிறாண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

"நோ" என்று அதட்டிப் பார்த்தேன், வாரைச் சுண்டி இழுத்துப் பார்த்தேன், வாய்க்குள் விரலை விட்டும் எடுத்துப் பார்த்தேன். இப்போது எலும்பைக் கண்டால் ஓரக்கண்ணால் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முன்பு மென்று தின்றதை அப்படியே விழுங்கிவிடுகிறான். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு போகும் இடத்துக்குத்தான் போகும் என்று என் தாயார் பழமொழி சொல்கிறார். அது பொய்யாக வேண்டும் என்பது என் ஆசை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், பொருள் மட்டும் வேறு. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். என் மாமியார் தினமும் காலையில் மொட்டைமாடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பார்கள். எங்கள் லேப்ரடார் பெண், காகம் வருவதற்குள் சுவரில் முன்னங்கால்களை ஊன்றி எழுந்து இலையோடு இழுத்துவிடுகிறாள். முன்னோருக்குப் போக வேண்டிய பிண்டத்தை நாய் தின்கிறதே என்று வீட்டில் தினமும் ஒரு வழக்கு நடக்கிறது. நானும் விடைக்காகக் காத்திருக்கிறேன்.

மோப்பம்

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவில் நாய் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். வெடிபொருள் தேடும் நாய் பேருந்து நிலையத்தில் வேலை செய்யும்போது, அதன் மூக்குக்கு நேராக யாரோ வைத்துவிட்டுப் போன தூக்குவாளியில் மீன் குழம்பு இருக்கும். அது அதைக் கடந்து போகத்தான் வேண்டும். அந்த நாய் மீனை வெறுக்கக் கற்றதில்லை. மீனைவிடத் தன் நடத்துநரின் சட்டைப் பையில் இருக்கும் பந்து பெரிது என்று கற்றிருக்கிறது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் வண்டுவின் பக்கம் நின்று பாருங்கள். எலும்பை எடுத்தால் உடனே கூலி கிடைக்கிறது. எடுக்காமல் விட்டால் அவனுக்கு என்ன கிடைக்கிறது? நீங்கள் ஒன்றும் தருவதில்லையே. அதிலும் தெரு தினமும் ஒரே மாதிரி கூலி கொடுப்பதில்லை. ஒரு நாள் கால் எலும்பு, நான்கு நாள் ஒன்றுமில்லை, பிறகு திடீரென்று அரைத் துண்டு புரோட்டா. எப்போது கிடைக்கும் என்று தெரியாத கூலிக்காகச் செய்யும் பழக்கம்தான் எளிதில் அழியாதது என்பதை ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்து விரிவாகக் காட்டினார். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். உங்கள் தெருமுனையில் மட்டும் தினமும் குலுக்கல் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே முதல் வேலை, குலுக்கலை நிறுத்துவது. பயிற்சி முடியும் வரை அந்தத் தெருமுனைப் பக்கமே போகாதீர்கள். எதிர்த்திசையில் நடங்கள், அல்லது கூட்டிய பிறகு போங்கள். இது தோல்வியை ஒப்புக்கொள்வது ஆகாது. தின்னத் தின்னப் பழக்கம் ஊறிக்கொண்டே போகும்போது, வீட்டில் பத்து நிமிடம் பயிற்சி கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. ஒரு கையில் அவனுடைய வழக்கமான தீனியில் நாலைந்து உருண்டைகளை வைத்து மூடிக்கொள்ளுங்கள். மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து, அதில் அதைவிட ருசியான ஒன்றை, வேகவைத்த ஈரலையோ கோழித் துண்டையோ, பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கி வைத்திருங்கள். மூடிய கையை அவன் மூக்கருகே நீட்டினால் நக்குவான், கடிப்பான், காலால் தட்டுவான். நீங்கள் பேசவே கூடாது. முதல் தடவை இரண்டு நிமிடம்கூட ஆகலாம். ஒரு கட்டத்தில் சலித்துப்போய் முகத்தை ஒரு விரற்கடை பின்னால் இழுப்பான். அந்த நொடியில், பிந்தாமல், ஒரு சொல்லைச் சொல்லி, மறைத்த கையிலிருக்கும் ஈரலைக் கொடுங்கள். மூடிய கையில் இருப்பதை ஒருபோதும் அவனுக்குக் கொடுக்கக் கூடாது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். அதையே கொடுத்தால், சற்றுப் பொறுத்திருந்தால் இதுவே நமக்குத்தான் என்று நாய் புரிந்துகொள்ளும். சோற்றுத் தட்டின் முன் காத்திருக்க அந்தப் பாடம் போதும். தெருவில் கிடக்கும் எலும்புக்கு அது கேடு.

சரியான நொடியைக் குறிக்கும் சொல், வீட்டுப் பேச்சில் அடிக்கடி வராததாக இருக்க வேண்டும். "சரி" என்பதை நாம் தொலைபேசியில் நூறு தடவை சொல்கிறோம். நான் "பலே" என்று சொல்வது வழக்கம். பத்துக்கு எட்டு முறை அவன் தானாக முகத்தைத் திருப்பத் தொடங்கிய பிறகே "விடு" என்ற கட்டளையைச் சேருங்கள். அதையும் ஒரே முறை, மெதுவான குரலில் சொல்லுங்கள். அடுத்த படியில் உள்ளங்கையைத் திறந்து காட்டுங்கள். பாய்ந்தால் கையை மூடிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பிறகு தீனியைத் தரையில் வைத்துக் காலால் மறைக்கத் தயாராக இருங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஈரலைக் கணக்கில்லாமல் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும் என்பதையும், அதற்கேற்ப இரவு உணவைக் குறைக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

செம்மண்

பெரியவர் மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் தாத்தா தோட்டத்தில் ஐந்து நாய்கள் இருந்தன. ஒன்றுக்கும் ஈரல் ஊட்டியதில்லை. எடுக்கக் கூடாததை எடுத்தால் கழுத்துச் சங்கிலியில் ஒரே ஒரு சுண்டு. அடுத்த முறை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. நாய்க்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டு, பிறகு அதற்கு லஞ்சமும் கொடுக்கச் சொல்வது எந்த வகையில் பயிற்சியாகும்? இறுகும் சங்கிலி ஒன்றை வாங்கிப் போடுங்கள், ஒரு வாரத்தில் வழிக்கு வரும்.

ஊசிமருந்து

நான் கால்நடை மருத்துவர். செம்மண் அவர்களுக்கு ஒரு சொல்: தங்கள் தாத்தாவின் நாய்கள் அவர் கண்ணெதிரில் எடுக்காமல் இருந்திருக்கும், அதை நான் நம்புகிறேன். அவர் இல்லாதபோது என்ன செய்தன என்பதைத் தோட்டத்துக் கோழிகளைக் கேட்டால்தான் தெரியும். தண்டனையால் நாய் கற்பது பெரும்பாலும், "இவர் பார்க்கும்போது எடுக்காதே" அல்லது "எடுத்தால் இவர் நெருங்குவதற்குள் விழுங்கு" என்பதைத்தான். வைகைக்கரை அவர்களின் வண்டு இந்த இரண்டாவது பாடத்தை ஏற்கெனவே நன்றாகக் கற்றுவிட்டது. மென்று தின்ற எலும்பைவிட முழுதாக விழுங்கிய எலும்பு ஆபத்தானது. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும். அது உணவுக்குழாயில் செருகிக்கொள்ளலாம், குடலைக் கிழிக்கலாம். எனவே அதட்டல் இந்த நாயின் உயிருக்கான ஆபத்தைக் கூட்டியிருக்கிறது என்றே சொல்வேன்.

இறுகும் சங்கிலியைப் பற்றி: சுண்டும் அழுத்தம் முழுவதும் மூச்சுக்குழாயின் மேல் விழுகிறது. வலியைத் தெருவில் எதிரே வந்த குழந்தையோடோ வேறு நாயோடோ தொடர்புபடுத்திக்கொண்டு, பிறகு அவர்களைக் கண்டு சீறத் தொடங்கிய நாய்களை நான் சிகிச்சை மேசையில் பார்த்திருக்கிறேன். போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், கடுமையான முறையில் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சியின்போது மன அழுத்தத்தின் அறிகுறிகள் கூடுதலாகக் காணப்பட்டன. உமிழ்நீரில் கார்டிசால் என்னும் அழுத்தச் சுரப்பும் அதிகமாக உயர்ந்தது. விலங்கு நடத்தையியல் துறையில் இயங்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம், வெகுமதி முறையையே எல்லா நாய்களுக்கும் பரிந்துரைத்து 2021இல் அறிக்கை வெளியிட்டது. மின்னதிர்ச்சிக் கழுத்துப் பட்டையை வேல்ஸ் நாடு 2010ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. நம் ஊரில் அதை இணையத்தில் சாதாரணமாக விற்கிறார்கள்.

பயிற்சிக்கு அப்பால், மருத்துவர் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். நாய் எலும்பை விழுங்கிவிட்டது என்று தெரிந்தால் உப்பு நீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கூர்மையான பொருள் போன வழியே திரும்பி வரும்போதுதான் கிழிக்கும், உப்பும் தனியே நஞ்சாகலாம். எச்சில் வடிதல், தொடர்ந்து ஓங்கரித்தல், வயிற்றைத் தொட விடாமை, கருமையான மலம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அடுத்து, தெருவில் எலும்பு மட்டும் கிடப்பதில்லை. எலி மருந்து தடவிய கருவாடும் கிடக்கும், வெங்காயமும் பூண்டும் நிறைந்த சேர்வை ஊறிய புரோட்டாவும் கிடக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அதனால் "விடு" என்பதை நான் உயிர்காக்கும் கட்டளையாகவே எண்ணுகிறேன்.

பயிற்சிக் காலத்தில் தெருமுனையைத் தவிர்க்கவே முடியாதவர்கள், நாய் வாயைத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வடிவ வாய்மூடியைப் பழக்கலாம். துணியால் இறுக்கிக் கட்டும் வாய்மூடி வேண்டாம். நாய் இளைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது, நம் வெயிலுக்கு அது ஆகாது.

வைகைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. பத்து நாட்களாகச் செய்து வருகிறேன். மூடிய கையின் முதல் நாள் என் விரல்கள் பட்ட பாட்டை இங்கே எழுதாமல் விடுவதே மேல். மூன்றாம் நாளிலிருந்து கையை நீட்டியதும் என் முகத்தைப் பார்க்கிறான். நேற்றுக் கூடத்தின் நடுவில் கோழித் துண்டு ஒன்றை வைத்து "விடு" என்றேன்; அதைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். என் தாயாருக்கே வியப்பு.

அந்த மகிழ்ச்சியில் இன்று காலை தெருமுனைக்கு அழைத்துப் போனேன். எலும்பைக் கண்டதும் என் குரல் அவன் காதில் ஏறவே இல்லை. கையில் ஈரலை வைத்து மூக்கருகே நீட்டினேன், அதையும் தட்டிவிட்டுப் போய் எலும்பை எடுத்தான். வீட்டில் புரிந்தது தெருவில் எப்படி மறந்துபோகும்? எங்கே தவறினேன் என்று தெரியவில்லை.

மோப்பம்

அவசரம்தான் தவறு, வேறொன்றும் இல்லை. அவன் மறக்கவில்லை, தெருவில் அந்தப் பாடத்தை இன்னும் கற்கவே இல்லை. நாய்க்குக் கூடத்தில் "விடு" என்பது ஒரு பாடம், வாசலில் மற்றொரு பாடம், தெருவில் மூன்றாவது பாடம். கார் ஓட்டக் கற்றவரை மைதானத்திலிருந்து நேரே தைப்பூச நாளில் பழனி மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஈரலைத் தட்டிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இந்த இழையிலேயே பயனுள்ள செய்தி. பசியுள்ள நாய் மூக்கருகே நீட்டிய ஈரலைத் தின்னவில்லை என்றால், அதன் மனம் கற்கும் நிலையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் எந்தக் கட்டளையும் எடுபடாது. சொல்லச் சொல்ல அந்தச் சொல்தான் தேய்ந்து போகும். வாயை மூடிக்கொண்டு அவனை அழைத்துக்கொண்டு விலகிப் போவது ஒன்றே வழி. அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே உடல் சொல்லிவிடும். தொங்கிய நாக்கு உள்ளே போகும், வாய் மூடும், காதுகள் முன்னே குவியும், உடலின் எடை முன்னங்கால்களுக்கு மாறும், வால் அசைவு நின்று விறைக்கும். வாய் மூடிய அந்த இடம்தான் உங்கள் எல்லைக்கோடு. அதிலிருந்து பத்தடி பின்னால் வந்து பயிற்சியைத் தொடங்குங்கள்.

நான் புது நாய்களுக்குச் செய்யும் ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறேன். காய்கறி வடிகட்டும் கம்பிக் கூடை ஒன்றை எடுத்து, அதற்கு அடியில் கறித்துண்டை வைத்துக் கவிழ்த்து, மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். வாசம் வரும், வாய்க்கு எட்டாது. முதலில் வாசலில், பிறகு ஆள் நடமாட்டமில்லாத சந்தில், அதற்கும் பிறகு பூங்காவின் ஓரத்தில் இதை வைத்து, இருபது அடி தள்ளி நின்று தொடங்குங்கள். அவன் கூடையைப் பார்ப்பதில் தவறில்லை. பார்த்த பிறகு தானே உங்கள் பக்கம் திரும்பினால், கட்டளை சொல்லாமலே "பலே" சொல்லி ஈரலைக் கொடுங்கள். பார்ப்பதைத் தடுத்தால், பார்த்துவிட்டுத் திரும்புவது என்ற செயலை அவன் எப்படிக் கற்பான்? மூன்று நாள் தடையின்றிச் செய்தால் இரண்டடி முன்னே போங்கள். பத்தில் மூன்று முறை தவறினால் நான்கடி பின்னே வாருங்கள். எந்நிலையிலும் கூடையைப் பறித்துத் தின்ன வாய்ப்பு இல்லாததால், உங்களுக்கும் பதற்றம் இருக்காது. நாயின் வாரில் முதலில் ஏறுவது நம்முடைய பதற்றம்தான். எலும்பைத் தூரத்தில் கண்டவுடனே நாம் வாரை இறுக்கிப் பிடிக்கிறோம், ஏதோ இருக்கிறது என்று நாயும் உடனே தேடத் தொடங்குகிறது.

ஏற்கெனவே வாயில் எடுத்துவிட்ட பொருளுக்குப் பயிற்சி வேறு, சொல்லும் வேறாக இருக்க வேண்டும். வீட்டில் பொம்மையை வாயில் வைத்திருக்கும்போது "கொடு" என்று சொல்லி, ஈரலை மூக்கில் காட்டி, அவன் வாயைத் திறந்ததும் ஈரலைக் கொடுத்துவிட்டுப் பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். உங்கள் கை அருகே வந்தால் பொருள் பறிபோகும் என்ற அச்சம் கரைந்தால்தான் அவன் அவசரமாக விழுங்குவதை நிறுத்துவான்.

இன்னொன்று, ஒன்பது மாதம் என்பதே சிக்கலான வயது. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதத்தில் சொன்னதைக் கேட்ட குட்டிகள் எட்டு மாதத்தில் வளர்ப்பவரின் "உட்கார்" என்ற சொல்லைப் பொருட்படுத்தாமல் இருந்ததும், அதே வயதில் அந்நியர் சொன்னால் கேட்டதும் தெரியவந்தது. விடலைப் பருவத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இது கடந்து போகும், அதுவரை அவன் மேல் கோபப்படாதீர்கள்.

கரிசல்காடு

இடையே புகுவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இரண்டு வயது சிப்பிப்பாறை இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் தோட்டத்தில் வளர்கிறான். இவனுக்குத் தின்பண்டம் ஒரு பொருட்டே இல்லை. ஆட்டுக்குட்டி ஓடினாலோ முயல் பாய்ந்தாலோ அரைக் கிலோமீட்டருக்கு அப்பால்தான் நிற்பான். மேற்சொன்ன முறை இவனுக்கும் பொருந்துமா? பக்கத்துத் தோட்டக்காரர் ஆட்டுக்காக ஏற்கெனவே ஒருமுறை சண்டைக்கு வந்துவிட்டார்.

மோப்பம்

பாதி பொருந்தும். கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனம் அது. எலும்பு தேடும் நாய்க்குக் கடைசியில் வாயில் விழுவதுதான் கூலி. சிப்பிப்பாறைக்கோ துரத்துவதே கூலி. முயல் தப்பித்துவிட்டாலும் அவன் சம்பளம் வாங்கிவிட்டான்.

கெல்லர் பிரேலண்டு, மேரியன் பிரேலண்டு என்னும் தம்பதியர் அமெரிக்காவில் விலங்குகளைப் பழக்கித் தொழில் செய்தவர்கள், ஸ்கின்னரிடம் பயின்றவர்கள். பெரிய மரக்காசை எடுத்து வந்து உண்டியலில் போடப் பன்றிகளைப் பழக்கினார்கள். முதலில் ஒழுங்காகச் செய்த பன்றிகள், நாளாக ஆக, காசை வழியிலேயே போட்டு மூக்கால் மண்ணைக் கிளறுவதுபோல் உருட்டத் தொடங்கின. உண்டியலில் போட்டால்தான் தீனி என்று தெரிந்தும், பசியோடு இருந்தும், உருட்டுவதை நிறுத்தவில்லை. கற்பித்த பழக்கத்தைப் பிறவிக் குணம் மெல்லத் தின்றுவிடும் என்று 1961இல் எழுதினார்கள். வெகுமதிப் பயிற்சியை நான் எவ்வளவு நம்பினாலும், வேட்டை நாயின் முன் இந்தப் பன்றிகளை மறப்பதில்லை.

ஆகவே அவனுக்கு ஈரலைக் கூலியாகக் கொடுக்காதீர்கள், துரத்தலையே கூலியாகக் கொடுங்கள். நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கயிறு கட்டி, அதில் பழந்துணியை முடிந்து, தரையோடு இழுத்து ஓட விடுங்கள். முதலில் ஆடுகள் வெகுதூரத்தில் மேயும்போது, ஆட்டைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினால் உடனே துணி ஓட வேண்டும். தனக்கு மிகவும் பிடித்த செயல், உங்களைப் பார்த்த பிறகே கிடைக்கிறது என்பதை அவன் கற்பான். பத்து மீட்டர் நீளமுள்ள பருத்திக் கயிற்றை மார்புப் பட்டையில் மாட்டுங்கள், கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள். அந்த வேகத்தில் கயிற்றின் நுனிக்கு வந்து நின்றால் கழுத்து தாங்காது. உங்கள் கையில் உறையும் வேண்டும், இல்லையென்றால் தோல் உரிந்துவிடும்.

ஆனால் வேலி இல்லாத இடத்தில், அருகில் ஆடு இருக்கும்போது, எவ்வளவு பழகிய சிப்பிப்பாறையையும் நான் கயிறின்றி விடமாட்டேன். முயலைப் பொறுத்தவரை, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செம்மண்

மருத்துவர் சொன்ன விழுங்கும் விஷயத்தை ஏற்கிறேன். எங்கள் தோட்டத்து நாய் ஒன்று கோழிக்குடல் சுற்றிய தூண்டில் முள்ளை விழுங்கிச் செத்தது. தாத்தாவைக் கண்டு அது ஓடி ஒளிந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எத்தனை நாளைக்கு ஒருவர் சட்டைப் பையில் ஈரலைச் சுமந்துகொண்டு திரிவது? பை காலியானால் நாய்க்கு அது தெரியாதா?

மோப்பம்

நியாயமான கேள்வி, தெரியத்தான் தெரியும். அதனால்தான் கூலியைக் குறைக்கும் முறை முக்கியம். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கும் வரை ஒவ்வொரு முறையும் கொடுங்கள். அது உறுதியான பிறகு இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, திடீரென்று ஒரே முறைக்கு மூன்று என்று கணிக்க முடியாதபடி கொடுங்கள். முன்பு சொன்ன லாட்டரி இப்போது உங்கள் பக்கம் வேலை செய்யும். தின்பண்டமே கூலி என்பதும் இல்லை. எலும்பைக் கடந்து வந்ததும் "போ, மோந்து பார்" என்று நல்ல மின்கம்பம் ஒன்றில் இரண்டு நிமிடம் விட்டால், பல நாய்களுக்கு அது கறித்துண்டைவிடப் பெரிது. ஆனால் முழுவதுமாக நிறுத்திவிடலாம் என்று எண்ண வேண்டாம். நானும் முப்பது நாள் ஊதியம் நின்றிருந்தால் மோப்ப நாய்ப் பிரிவுக்குப் போயிருக்க மாட்டேன், என் நாயும் என்னோடு வந்திருக்காது.

லஞ்சம் என்று சொன்னீர்கள். செயலுக்கு முன்னால் காட்டி ஆசை மூட்டினால் அது லஞ்சம், செயல் முடிந்த பின்னால் கொடுத்தால் கூலி. வைகைக்கரை அன்று தெருமுனையில் ஈரலை மூக்கருகே நீட்டியது லஞ்சம்தான், அதனால்தான் செல்லவில்லை.

வைகைக்கரை

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நடுவில் இரண்டு வாரம் ஒன்றுமே முன்னேறாததுபோல் இருந்தது. இருபதடியிலிருந்து பதினாறடிக்கு வருவதற்குள் எனக்கே வெறுத்துவிட்டது. பிறகு எப்படி என்று தெரியவில்லை, ஒரே வாரத்தில் ஆறடிக்கு வந்தான். கம்பிக் கூடையைக் கண்டால் இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் வாயைத் திறக்கிறான்.

கூடையை விட்டு உண்மையான தெருமுனைக்கு வந்தபோது, முதல் நான்கு நாட்கள் சாலையின் எதிர்ப்புறமாகவே நடந்தோம். ஐந்தாம் நாள் கடைகளின் பக்கம் போனோம். முதல் எலும்பைக் கண்டான், நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நொடி இருக்கும், எனக்கு மூன்று நாழிகைபோல் இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தான். இருந்த ஈரல் முழுவதையும் கொட்டிவிட்டேன். அதற்கு மறுநாள், ஓர் உணவுப் பொட்டலத்தைப் பார்க்காமல் நான் அதன் மேலேயே அழைத்துப் போய்விட்டதால், "விடு" என்று சொல்வதற்குள் கவ்விவிட்டான். பழைய பழக்கத்தில் என் கை அவன் வாய்க்குப் போயிற்று, நடுவழியில் நிறுத்திக்கொண்டு "கொடு" என்றேன். சற்று யோசித்துவிட்டுக் கீழே போட்டான். சேர்வையில் ஊறிய கோழிக் கழுத்து அது. எலும்பை விட்டதைவிட, விழுங்காமல் யோசித்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

இன்னும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை ஒன்று பாக்கி இருக்கிறது. அங்கே ஆட்டுத் தலை தொங்குகிறது, கீழே நான்கு தெருநாய்கள் காத்திருக்கின்றன. நாற்பதடி தள்ளியிருக்கும் தேநீர்க் கடை வாசலில்தான் அவன் வாய் மூடுகிறது. எனவே ஐம்பதடியில், மருந்துக் கடைப் படிக்கட்டிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன். தெருநாய்கள் எங்களை நோக்கி வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாராவது முன்னதாகச் சொன்னால் நல்லது.

ஊசிமருந்து

வந்தால் வாரை இறுக்காமல், அவற்றின் கண்களை நேராகப் பார்க்காமல், வளைவாக நடந்து விலகுங்கள். ஓடாதீர்கள். வண்டுவுக்குப் பழகிய ஒரு திரும்பும் சொல் இருக்கட்டும். "வா, போகலாம்" என்றால் உங்களோடு அரைவட்டம் திரும்பி வருவதை வீட்டுக் கூடத்திலேயே பழக்கிவிடுங்கள். அவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி இந்த ஆண்டு போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும், கடிபட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் வர வேண்டும். உங்களுக்குப் பட்டாலும் அப்படித்தான்.

மூன்றாம்மாடி

எங்கள் வீட்டு வழக்கின் நிலவரத்தையும் பதிந்துவிடுகிறேன். மூடிய கைப் பயிற்சியை என் மாமியாரே எடுத்துக்கொண்டார்கள், என்னைவிட அவர்களுக்குப் பொறுமை அதிகம். இப்போது அவர்கள் இலையைச் சுவரில் வைத்துவிட்டு "விடு" என்று சொன்னால், எங்கள் பெண் படிக்கட்டருகே போய் உட்கார்ந்துகொண்டு, காகம் தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். முடிந்ததும் மாமியார் முந்தானையிலிருந்து ஒரு துண்டு வேகவைத்த கேரட்டை எடுத்துக் கொடுக்கிறார்கள். காகம் ஒரு நாள் வரத் தாமதமானால், "காகத்தைக் கூப்பிடு" என்பதுபோல் இவளே வானத்தைப் பார்த்துக் குரைக்கிறாள். இதை நிறுத்தத் தனி இழை தொடங்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.